புரட்டாசியில் வந்து சித்திரையில் போகும் ‘டக்’

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. காட்பாடி பக்கம் கழிஞ்சூரில் சின்னக் கடை. எரிந்துபோன சப்மெர்சிபிள், மோனோபிளாக், வீட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை ஹெச்பி எல்லாம் வரும். கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை. சொந்தக்காரர் பெங்களூரில் இருக்கிறார். மனையை வாங்கிப்போட்டு நான்கு மூலைக்கும் கல் நட்டதோடு சரி. அவர் வராத தைரியத்தில் மருதாணி, நொச்சி, உண்ணிச்செடி எல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அதன்மேல் கோவைக்கொடி படர்ந்து, பகலிலும் உள்ளே இருட்டு. ஓரத்தில் ஒரு கொடுக்காப்புளி மரம்.

அந்தப் புதருக்குள்ளிருந்துதான் சத்தம் வரும். ‘டக்’. கொஞ்சம் இடைவெளி. ‘டக்’. அப்புறம் ‘டக், டக்’. கூழாங்கல் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் வருமே, அந்த மாதிரி ஈரமில்லாத சத்தம். பொழுது புலரும் முன்பே ஆரம்பித்துவிடும். பகலில் கொஞ்சம் குறையும், நிற்காது. இருட்டுகிற நேரத்தில் மறுபடி வேகம் பிடிக்கும். ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவிவிடும் நாட்களை ஒட்டி ஆரம்பிக்கும். சித்திரை பாதியில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஒருநாள் இருக்காது. பல வருடமாக இதே கதை. மழை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த வாரத்தில்கூட இது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் ஆளைப் பார்த்தவர் யாருமில்லை.

மதியம் சோறு கொண்டுவரும் அம்மா, “அது இன்னா பிராணிடா, வாயே ஓயாதா அதுக்கு?” என்பார்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். மோட்டாரைப் பிரிக்கும் முன்பே பேரிங் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எண்ட் கவர் மேல், பேரிங் உட்காரும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொள்ள வேண்டும். நல்ல பேரிங் ஒரே சீராக ‘உஸ்’ என்று ஓடும். கிரீஸ் காய்ந்தது கரகரக்கும். உள்ளே பாதையில் ஒரு இடத்தில் பொரிந்திருந்தால், சுற்று மாறாமல் அதே இடைவெளியில் தட்டிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டரில் கரன்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற காண்டாக்டர் ‘டர்ர்’ரென்று அதிரும். இயந்திரக் கோளாறு எதுவானாலும் அதற்கு ஒரு தாளக்கட்டு உண்டு. புதரில் இருப்பதற்கு அது கிடையாது. ஒரு முறை இரண்டு விநாடி, அடுத்தது ஐந்து, சில நேரம் அடுத்தடுத்து மூன்று. பூனை புதரோரமாகப் போனால் சடசடவென்று வேகம் கூடும். போனபின் பழைய நடை. ஆக, உள்ளே இருப்பது வெளியே நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

கேட்டவர்கள் எல்லாம் “குயிலா இருக்கும்” என்றார்கள். நம் ஊரில் மரத்திலிருந்து எது கத்தினாலும் குயில்தான். குயில் தொண்டையைத் திறப்பது வெயில் ஏறுகிற காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு ஆலம்பழம் தின்னும். அணிலா? அணிலும் மணிக்கணக்கில் ‘சிக் சிக்’ என்று கத்தும், ஆனால் மூச்சுவிடாமல் கத்தும், ஒவ்வொரு கத்தலுக்கும் வால் துள்ளும், மறைந்திருக்கிற குணமும் அதற்கு இல்லை. செம்மார்புக் குக்குறுவான் ‘டுக் டுக் டுக்’ என்று செம்புக்குடம் தட்டுவது காட்பாடி முழுக்கக் கேட்கும். அது ஒரே சீராகப் போகும், மரத்து உச்சியிலிருந்து வரும். தையல்சிட்டு வருடம் பூராவும் இங்கேயே இருக்கிற குடும்பஸ்தன், உருவத்துக்குச் சம்பந்தமில்லாத சத்தம் போடும், ஒளியத் தெரியாது.

என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது சாம்பல் கதிர்க்குருவி. அது புதரை விட்டுப் பறக்கும்போது சொடுக்குகிற சத்தம் அச்சாக ஸ்பார்க் அடிப்பது போலவே இருக்கும். லூஸ் கனெக்‌ஷனோ என்று நான் சுவிட்ச் போர்டைத் திரும்பிப் பார்த்ததுண்டு. ஆனால் அது பறந்தால்தான் வரும் சத்தம், நம்முடையவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே போடுகிறார். அதோடு கதிர்க்குருவி ஆடி, ஆவணியிலும் இருக்கிறது.

கதவைத் திறந்தது மாதக்கணக்குதான். கடையில் தினசரி காலண்டர் கிழிக்கிறோம். முதல்முதலாக ‘டக்’ கேட்ட நாளின் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி, வார்னிஷ் டின் வைத்திருக்கும் அலமாரியில் செருகிவைப்பேன். அந்தத் தாள்களை ஒருநாள் கடைக்கு வந்த விலங்கியல் வாத்தியார் ஒருவர் பார்த்தார். ரிட்டயர் ஆனவர், வீட்டு மோட்டாரைக் கொண்டுவந்திருந்தார்.

“இது இன்னாப்பா கணக்கு?”

சொன்னேன். அவர் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“கண்ணால பாக்கலியேன்னு கவலப்படாத. புரட்டாசில வந்து சித்திரைல போவுதுன்னாலே பாதி பதில் வந்துட்ச்சி. இது நம்ம ஊர்க்காரன் இல்ல. வலசை வர்றது. அதுல புதர விட்டு வெளிய வராதது எத்தினி, அதுல டக்குடக்குன்னு கத்தறது எத்தினின்னு பாரு” என்றார். பெயரைச் சொல்லாமல் மோட்டாரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாத்தியார் புத்தி.

சரி என்று மெர்லின் செயலியைப் போனில் ஏற்றினேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வகம் இலவசமாகத் தருவது. பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். கடைக்குள் இருந்து பிடித்தால் காகம், மைனா, தவிட்டுக்குருவி என்று வரிசையாக வரும், நடுவில் காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஹாரன் அடிக்கும், அத்தோடு எல்லாம் அமுங்கிவிடும். அதனால் விடிகாலையில் கடை திறக்கும் முன்பே வந்து, சுவர்மேல் கண்ணாடிச் சில்லு இல்லாத இடமாகப் பார்த்து, போனைப் புதரைப் பார்த்து வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொண்டேன். பக்கத்தில் ஆள் நின்றால் அது உள்ளே நகர்ந்துவிடுகிறது. இப்படித்தான் பெயர் வந்தது: பிளைத் நாணல் கதிர்க்குருவி.

ஒற்றை ‘டக்’கைக் கேட்டு ஒரு செயலி சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை. மீட்டர் காட்டுவதையே இன்னொரு மீட்டரில் பார்ப்பவன். உலகத்துப் பறவைக் குரல்களைச் சேர்த்துவைத்திருக்கும் சீனோ-கான்டோ தளத்தில் இதன் குளிர்காலப் பதிவுகளைத் தேடி ஹெட்போனில் கேட்டேன். ‘டக்’ ஒத்துப்போனது. அதைவிட முக்கியமாக, நடுநடுவே எரிச்சல்பட்டது மாதிரி ஒரு ‘ட்ர்ர்ர்’ வந்தது. மருதாணிப் புதரிலும், பூனை ரொம்பக் கிட்டத்தில் வரும்போது அந்த ‘ட்ர்ர்ர்’ வரும். இதன் உறவுக்காரக் குருவி ஒன்றும் குளிர்காலத்தில் இங்கே வந்து இதே போலச் சொடுக்குமாம். ஆனால் அதற்குப் பிடித்தது வேலூர் மலையடிவாரங்களில் இருக்கிற மாதிரிக் காய்ந்த முள்காடு. இலை அடர்ந்து, உள்ளே நிழல் கட்டிய புதரென்றால் நம்முடையவர்தான்.

அக்கா பையனுக்கு இதில் திருப்தியில்லை. அவனிடம் நீள லென்ஸ் கேமரா இருக்கிறது. “போட்டோ இல்லாம எப்டி மாமா ஒத்துக்கறது?” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காலையெல்லாம் கொசுக்கடியில் உட்கார்ந்தான். இலை ஆடுவது கிடைத்தது. ஒரு படத்தில் இலைக்கு நடுவே தவிட்டு நிறத்தில் ஏதோ முதுகு மாதிரி.

அவனிடம் நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்ல வருகிறேன். இந்தக் குருவி நேரே வந்து சுவர்மேல் உட்கார்ந்து போஸ் கொடுத்திருந்தாலும், அந்தப் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்வது லேசில்லை. மேலே தவிட்டு நிறம், கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேலே மங்கலாக ஒரு கோடு. பட்டை, புள்ளி, கொண்டை எதுவும் கிடையாது. இதே சட்டையைப் போட்டுக்கொண்டு இந்த இனத்தில் பல குருவிகள் இருக்கின்றன. வலை வைத்துப் பிடித்து வளையம் போடுகிற ஆராய்ச்சியாளர்களே, கையில் வைத்துக்கொண்டு, சிறகிலுள்ள இறகுகளில் எது எதைவிட எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று அளந்துதான் பிரிக்கிறார்கள். புதருக்கு வெளியே நிற்கிற நமக்கு அது தருகிற ஒரே அடையாள அட்டை குரல். பார்க்காததால் நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை. பார்த்தவர்களும் கடைசியில் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015 முதல் நடக்கிறது. பார்த்த, கேட்ட பறவைகளைப் பதிந்துவைக்கும் இ-பேர்ட் தளத்தில் பட்டியல் போட வேண்டும். காதால் கேட்டதும் அதில் கணக்கு, படம் கட்டாயமில்லை. நான் கடையிலிருந்தே போட்டேன். காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்மார்புக் குக்குறுவான், பிளைத் நாணல் கதிர்க்குருவி ஒன்று, கேட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அது அபூர்வமும் இல்லை. குளிர்காலத்தில் தென்னாட்டுத் தோட்டம் துரவெல்லாம் இது இருக்கிறது. உங்கள் வீட்டு எலுமிச்சை மரத்திலும், முருங்கைக்குப் பக்கத்து வேலியிலும் இருக்க வாய்ப்பு அதிகம். மிக்ஸி சத்தத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எங்கிருந்து வருகிறது என்று படித்தபோதுதான் வாயைப் பிளந்தேன். பின்லாந்து, எஸ்தோனியா பக்கம் தொடங்கி ரஷ்யா, சைபீரியா, மத்திய ஆசியா வரை இது கோடையில் கூடு கட்டுகிறது. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. பின்லாந்திலிருந்து நம் வேலூர் ஆறேழாயிரம் கிலோமீட்டர். ஐரோப்பாவில் கூடு கட்டி நெடுந்தூரம் வலசை போகிற சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை குளிருக்கு ஆப்பிரிக்கா போகும், இது போலச் சிலதான் கிழக்கே திரும்பி நம் பக்கம் வருகின்றன. பயணம் இரவில். பெயரில் நாணல் இருந்தாலும் நாணலைத் தேடிப் போகாது. சம்பு மண்டிய ஏரிகளில் தொண்டை கிழியக் கத்துகிற பெரிய நாணல் குருவி வேறே. பெயரிலுள்ள பிளைத் என்பவர் எட்வர்ட் பிளைத், கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தில் 1841 முதல் இருபது வருடத்துக்கு மேல் பொறுப்பில் இருந்தவர். 1849-இல் இந்தக் குருவியை முதலில் விவரித்து எழுதியவர் அவர்தான்.

இத்தனை தூரம் வந்து எதற்கு ‘டக்’ என்று கத்துகிறது? குளிர்காலத்திலும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பூச்சியும் சிலந்தியும் பொறுக்கித் தின்ன அந்தப் புதர் அதற்குச் சொந்தம், இன்னொருவன் உள்ளே வரக்கூடாது. பட்டா இல்லாமல் காலி மனையை ஆண்டு அனுபவிக்கிறார்.

பாட்டு வேறு இருக்கிறது. சொந்த ஊரில், கோடை இரவுகளில், மற்ற பறவைகளின் குரலையெல்லாம் திருடிக் கோத்து நிதானமாகப் பாடுவதில் இது பெரிய கில்லாடியாம். இங்கே அந்த வித்தையைக் காட்டுவதில்லை, கிளம்பப்போகிற நேரம் தவிர. போன பங்குனிக் கடைசியில், மோட்டாரின் ஸ்டேட்டரில், காயில் உட்காரும் ஸ்லாட்டில் பேப்பர் சொருகிக்கொண்டிருந்தபோது, புதருக்குள் யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது போலக் கேட்டது. இரண்டு ‘டக்’, பின்னால் ஒரு சீழ்க்கை, அதே சீழ்க்கை இன்னொரு தரம், அப்புறம் வேறு யாருடைய குரலோ. ஒத்திகை பார்க்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். “இப்பதான் ஒயுங்கா பேசுது” என்றார்.

மனைச் சொந்தக்காரர் போன வாரம் போன் செய்தார். வீடு கட்டப்போகிறாராம், ஜேசிபி வைத்துப் புதரையெல்லாம் எடுக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். மணிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, “வைகாசில எடுங்க சார், அதுக்கு முன்ன வேணாம்” என்றேன். முகூர்த்தம் பார்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. கடைச் சுவரோரமாக என் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண் இருக்கிறது. ஆடியில் மருதாணிக் குச்சி வெட்டி நட வேண்டும். சீக்கிரம் வேர் பிடிக்கிற செடிதான், ஆனால் ஆள் உள்ளே ஒளிகிற அளவுக்கு அடர இரண்டு மழையாவது ஆகும். அதுவரைக்கும் எதிர்வீட்டு அக்காவின் எலுமிச்சை மரத்தில் இருந்துகொள்ளட்டும், அவரிடம் கிளையைக் கழிக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.