படத்துக்குப் பத்து வெள்ளி

2008 செப்டம்பர் 12 அன்று மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் சின் சியூ என்ற சீன நாளிதழின் நிருபர் டான் ஹூன் செங்கை அவருடைய வீட்டிலிருந்தே விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்க அனுமதித்த இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் பிடித்துக்கொண்டு போனார்கள். பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலின்போது அப்போதைய ஆளுங்கட்சியான அம்னோவின் தலைவர் ஒருவர் சீனர்களைப் பற்றிப் பேசியதை அவர் செய்தியாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். பேசியவர் வெளியே, எழுதியவர் உள்ளே. ஏன் என்று கேட்டதற்கு அப்போதைய உள்துறை அமைச்சர் சையத் ஹமிட் அல்பார் சொன்ன காரணத்தை எங்கள் வயது நிருபர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காகத்தானாம்!

மறுநாளே விட்டுவிட்டார்கள். அந்த நேரத்து இசா கைதுகள் பிடிக்காமல் அமைச்சர் ஸைட் இப்ராஹிம் பதவியையே விட்டுப் போனார்.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் கோபம்தான், ஆனால் பக்கம் கட்டுகிற அண்ணன் தலையைத் தூக்காமலேயே கேட்டார்: "சின் சியூ பொண்ணு, ஊரே கேக்குது. நம்ம ஆளைத் தூக்கியிருந்தா யாரும்மா கேப்பா?" யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கான பதில் பிறகு ஒரு பேரணியில் கிடைத்தது.

அதைச் சொல்வதற்கு முன் 2007 நவம்பர் 25. மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராப் பேரணி. விடியும் முன்னே பத்துமலைக் கோயில் வாசலில் கண்ணீர்ப்புகை, அப்புறம் ஜாலான் அம்பாங்கில் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பீரங்கி. அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருந்தார்களோ, தோலில் பட்ட இடமெல்லாம் எரிந்தது. சீன, மலாய் நிருபர்கள் அந்தக் கூட்டத்தில் தனியாகத் தெரிந்தார்கள். எங்களைப் பார்த்தால் அப்படித் தெரியாது. அதே முகம், அதே நிறம். பக்கத்தில் காந்தி படம் பிடித்து நின்ற பெரியவருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் கழுத்தில் தொங்கிய அட்டை ஒன்றுதான், அதுவும் நனைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரியவர்தான் என் கையில் கொஞ்சம் உப்பை வைத்து, "நாக்குல வைம்மா, புகை அடங்கும்" என்றார். உண்மையிலேயே அடங்கியதா என்று கேட்காதீர்கள்.

சரி, அந்தப் பேரணிக்கு வருகிறேன். எது, எந்த வருஷம் என்பது வேண்டாம், சம்பந்தப்பட்டவர் இன்றும் கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பத்திரிகைக்குப் படம் கொடுத்துவந்த அண்ணன் அவர். சம்பளக்காரர் இல்லை. படம் வந்தால் பத்து வெள்ளி (ரிங்கிட்), வராவிட்டால் பெட்ரோல் காசும் கிடையாது. ஊடக அட்டை கிடையாது, ஏனென்றால் அலுவலகம் எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். கூட்டத்தோடு கூட்டமாக அவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

நான் அலுவலகத்துக்கு போன் போட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அவர் நம்ம ஸ்டாஃப் இல்லையேம்மா. படம் வாங்குறோம், அவ்வளவுதான்" என்றார்கள்.

கோபப்பட்டேன், இன்றும் படுகிறேன். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 2012 வரை அச்சக, பதிப்பகச் சட்டத்தின்படி ஒவ்வொரு பத்திரிகையும் வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2007 ஆகஸ்டில் ஒரே ஒரு படத்துக்காக மக்கள் ஓசை என்ற தமிழ் நாளிதழை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். 1987இல் ஓப்பராசி லாலாங் என்ற கூட்டுக் கைது நடவடிக்கையில் ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்று பத்திரிகைகளையும் மூடினதைப் பார்த்த முதலாளிகள் வேறு. ஒரு படக்காரருக்காக உரிமத்தைப் பணயம் வைப்பார்களா? வைக்கவில்லை.

இரவு முழுக்க அவர் மனைவியோடு, அவரை அடைத்து வைத்திருந்த இடத்தின் வேலிக்கு வெளியே நின்றேன். கையில் நாசி லெமாக் பொட்டலம், உள்ளே கொடுக்க விடவில்லை. தன்னார்வ வழக்கறிஞர்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். "எந்த அமைப்பு?" என்று கேட்டபோது அந்த அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "படம் எடுக்கப் போனாருங்க" என்றார். வழக்கறிஞர் 'பொதுமக்கள்' என்று எழுதினார். அவர் மேல் தப்பில்லை.

விடிவதற்குள் அண்ணன் வெளியே வந்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள், உள்ளே கார்டு காலி. மறுநாள் எங்கள் முதல் பக்கத்தில் அரசு செய்தி நிறுவனமான பெர்னாமாவின் படம். அவருக்கு அந்தப் பத்து வெள்ளியும் வரவில்லை.

2012 ஏப்ரல் 28 அன்று நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே பேரணியில் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நிருபர்கள் அடிபட்டதும், மெமரி கார்டு பறிபோனதும், பிறகு சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணைய விசாரணையில் படக்காரர்கள் சாட்சி சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சாட்சிகளுக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருந்தது. நான் கேட்பது அதைத்தான். கைது செய்கிறவர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, அனுப்புகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இப்போது தமிழ் இணையத் தளங்களும் அதே கணக்கில்தான் நடக்கின்றன, படத்துக்குப் பதிலாக வீடியோவுக்கு இவ்வளவு என்று.

என் தங்கை மகள் அப்படி ஒரு தளத்துக்கு நேரலை போடுகிறாள். "பெரியம்மா, கார்டு செஞ்சு கொடுத்திருக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கடையில் லேமினேட் செய்த அட்டை. தளத்தின் பெயர் பெரிதாக, தொலைபேசி எண்ணைக் காணோம்.

அவளுக்குச் சொன்னது இதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவுப்படி, கைது செய்தால் விசாரிக்கத் தொடங்கும் முன் சொந்தக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல உனக்கு உரிமை உண்டு. அதே பிரிவிலேயே அதை மறுக்கவும் ஓட்டை வைத்திருக்கிறார்கள், அதனால் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய், லாரி ஏறும்போதே பக்கத்திலிருப்பவரிடம் கத்திச் சொல். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், அது அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு. வீடியோ போனில் மட்டும் இருக்கக் கூடாது. இதெல்லாம் உன் வேலை. 'இவர் எங்கள் நிருபர், இன்ன பேரணிக்கு நாங்கள்தான் அனுப்பினோம்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிற ஒரு போன் எண்ணும் அவர்கள் வேலை. தராவிட்டால் போகாதே.

முணுமுணுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. பெயர் சரி, ஐசி (அடையாள அட்டை) எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிக் கிடக்கிறது. திருத்தி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போகச் சொல்லியிருக்கிறேன்.