வீட்டில் ஒரு கரண்ட் பாயிண்ட் போடவும் எலக்ட்ரீஷியனுக்குச் சான்றிதழ் வேண்டுமா?

வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இதைச் சொன்னால் "ஒரு பாயிண்ட் தானேப்பா" என்கிறார்கள். வீடு முழுக்க ஒயரிங் என்றால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம், ஆனால் மாட்டுக் கொட்டகைக்கு ஒரு லைட், பாத்ரூமில் ஹீட்டருக்கு ஒரு பிளக் என்றால் கொஞ்சம் கை பழகிய யாரையாவது கூப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வேலை சின்னதா பெரியதா என்று பார்ப்பதே இல்லை. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றைக் கழற்றி அதே மாதிரி வேறு மாட்டலாம், லோடு மாறக்கூடாது, அவ்வளவுதான். புதிதாக ஒரு பாயிண்ட் இழுத்தாலே உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் மூலம், தகுதிச் சான்று வைத்திருப்பவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். முன்பிருந்த 1956 இந்திய மின்சார விதிகளிலும் இதேதான் இருந்தது.

எங்கள் அத்தை வீட்டு பாத்ரூமில் லைட்டுக்குப் போன 1 சதுர மில்லிமீட்டர் ஒயரிலிருந்தே ஹீட்டருக்கும் இழுத்திருந்தார்கள். 2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். போர்டைக் கழற்றினால் ஜாயின்ட்டில் சுற்றிய டேப் உருகி, ஒயரின் தோல் கருகிப் போயிருந்தது. பிளக்கில் எர்த் ஓட்டை இருக்கிறது, பின்னால் எர்த் ஒயரே இல்லை! ஈரக்கையோடு அத்தை தினமும் தொட்ட சுவிட்ச் அது. நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இதற்காக ஊர்ப் பையன்களின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது: மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்து, ஒயரிங் வேலையில் 5 வருட அனுபவம் இருந்தால் எழுதலாம், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. அறிவிப்பு எப்போது வரும் என்று கடகத்தூர் அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டு வையுங்கள். ஒசூருக்கும் பெங்களூருக்கும் ஒயரிங் வேலைக்குப் போய் வருகிற எத்தனையோ பேருக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது, காகிதம்தான் இல்லை.

வீட்டுக்காரர்களும் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அப்புறம், எந்த வேலை செய்தாலும் கரண்ட் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போடச் சொல்லுங்கள், போட்டதும் அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.