வேலை மாறிய வருடத்தில் இரண்டு ரி4

கனடாவில் 2023 செப்டம்பரில் வேலை மாறினேன். மாதச் சம்பளம் 7,000 டொலரிலிருந்து 7,500 ஆனது. புது இடத்தின் முதல் சம்பளத் துண்டைத் திறந்தால் கனடா ஓய்வூதியத் திட்டமான சிபிபிக்கு 428.90, வேலைக் காப்புறுதிக்கு 122.25 வெட்டியிருந்தார்கள். பகீரென்றது.

இந்த இரண்டுக்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2023இல் சிபிபிக்கு 3,754.45, காப்புறுதிக்கு 1,002.45. பழைய இடத்தில் எட்டு மாதத்தில் 3,193.20உம் 912.80உம் ஏற்கனவே கட்டிவிட்டேன். அங்கேயே இருந்திருந்தால் ஒக்டோபரோடு வெட்டு நின்று, மாதம் ஐந்நூறு டொலர் மட்டில் கூடுதலாகக் கைக்கு வந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ஸ்நோ டயருக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருப்பேன்.

சம்பளக் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் போனேன். "தம்பி, நீங்கள் முந்தி எவ்வளவு கட்டியிருந்தாலும் நாங்கள் சைபரிலயிருந்துதான் வெட்டவேணும், அதுதான் சட்டம். டாக்ஸ் செய்யேக்க திரும்பி வரும்" என்றார்.

திரும்பி வர இரண்டு ரி4உம் வேண்டும். வருடச் சம்பளத்தையும் வெட்டியதையும் காட்டி முதலாளி தரும் படிவம்தான் ரி4. புது இடத்தினது பெப்ரவரிக் கடைசியில் கிடைத்தது. பழையதைக் காணவில்லை. நான் விட்டுவந்த ஸ்காபரோ பேஸ்மென்ட் முகவரிக்கே அனுப்பியிருக்கிறார்கள், வீட்டுக்காரர் கண்ணில் அது படவேயில்லை. இருப்பதை மட்டும் வைத்துச் செய்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். செய்திருந்தால் கூடக் கட்டியது தெரிந்திருக்காது, எட்டு மாத வருமானத்தை மறைத்ததாகவும் ஆகியிருக்கும். மார்ச் நடுவில் கனடா வரித் திணைக்களமான சிஆர்ஏயின் இணையக் கணக்குக்குள் போய்ப் பார்த்தேன், அங்கே இருந்தது. 16ஆம் பெட்டியில் சிபிபி, 18ஆம் பெட்டியில் காப்புறுதி. சம்பளத் துண்டுகளோடு சதம் சதமாக ஒப்பிட்டேன்.

இரண்டையும் பதிந்ததும் டாக்ஸ் படிவத்தில் சிபிபிக்கு 44800ஆம் வரியில் 1,154.35, காப்புறுதிக்கு 45000ஆம் வரியில் 399.35 விழுந்தது. மொத்தம் 1,553.70 டொலர். அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு முதலாளிகளும் தங்கள் பங்குக்குக் கட்டியது அவர்களுக்குத் திரும்பாது. அதை நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை.

2024 முதல் சிபிபிக்கு இரண்டாம் படியும் வந்துவிட்டது. 2026 கணக்குப்படி முதல் 3,500 டொலருக்கு வெட்டு இல்லை. அதற்கு மேல் 74,600 வரை 5.95 வீதம், அங்கிருந்து 85,000 வரை 4 வீதம். காப்புறுதி வீதம் 1.64இலிருந்து 1.63 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்ததென்று சந்தோசப்பட முடியாது, கணக்கில் எடுக்கும் சம்பளம் 65,700இலிருந்து 68,900 ஆக ஏறிவிட்டதால் உச்சக் கட்டணம் 1,077.48இலிருந்து 1,123.07 ஆகியிருக்கிறது.

புது எண்கள் வந்தவுடன் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவேன். தங்கச்சியின் மகள் இந்த மே மாதம் வேலை மாறுகிறாள். பழைய இடத்தின் கடைசிச் சம்பளத் துண்டைப் பத்திரமாக வைக்கவும், புது முகவரியை அங்கே கொடுத்துவிட்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.