தக்காளிப் பாத்தி: கம்பும் கயிறும்

மார்ச் 2

நாற்று நட்ட கையோடு கம்புகளையும் ஊன்றியாயிற்று. செடி சாயத் தொடங்கிய பிறகு கம்பு தேடலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் வேர் பக்கவாட்டில் பரவியிருக்கும், கடப்பாரையை இறக்கினால் அறுபடும். இப்போதே ஊன்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

செடிக்குச் செடி ஒன்றரை அடி. இரண்டு செடிகளுக்கு ஒரு கம்பு. ஆறடிக் கம்பில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போகிறது. நடுக் கம்புகள் ஒல்லியாக இருந்தாலும் சமாளிக்கும். வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவைதான் முக்கியம், கயிற்றின் இழுவை முழுவதும் அவற்றின் மேல்தான் விழும். அவற்றுக்குத் தடித்த கம்பாகப் பார்த்து எடுத்தேன். வரிசைக்கு வெளியே ஆளுக்கொரு முளை அடித்து, கம்பின் தலையிலிருந்து முளைக்கு இழுத்துக் கட்டியிருக்கிறேன். நாளைக்குக் காய் பிடித்துப் பாரம் ஏறும்போது முனைக் கம்புகள் உள்ளே சாயாமல் இந்தக் கட்டுதான் காக்க வேண்டும்.

மார்ச் 20

செடிகள் ஓரடியை எட்டிவிட்டன. முதல் கயிறு இன்று.

அவரைக்கும் பாகலுக்கும் கொம்பைக் காட்டினால் போதும், தாமே ஏறிக்கொள்ளும். தக்காளிக்குப் பற்றுக்கம்பியும் கிடையாது, சுற்றி ஏறும் தண்டும் கிடையாது. அதன் இயல்பு தரையில் படர்வது. தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டு, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நிமிர்ந்து நிற்பது நாம் அதனிடம் கேட்பது, ஆகவே அதற்கான ஏற்பாடும் நம் பொறுப்பு.

சணல் கயிற்றை முனைக் கம்பில் முக்கால் அடி உயரத்தில் முடிந்து, செடிகளின் ஒரு பக்கமாகக் கொண்டுபோனேன். வழியில் வரும் ஒவ்வொரு கம்பிலும் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. மறுமுனைக்குப் போனதும் அங்கும் சுற்றி, இப்போது செடிகளின் மறுபக்கமாகத் திரும்பி வந்து, தொடங்கிய கம்பிலேயே முடிச்சு. வரிசை முழுவதும் இரண்டு கயிறுகளுக்கு நடுவே நிற்கிறது. தனித்தனியாக எந்தத் தண்டையும் கட்டவில்லை.

செடிக்குச் செடி பக்கம் மாற்றிப் பின்னிக்கொண்டு போவோரும் உண்டு. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. இழுவையைக் கம்பு வாங்கிக்கொள்கிறது, தண்டின் மேல் அழுத்தம் விழுவதில்லை.

அப்பா கயிற்றுருண்டையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் இறுக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்றேன். கம்புகளுக்கிடையே கயிறு தொய்யக் கூடாது, அவ்வளவுதான். காற்றில் செடி சற்றே அசைய வேண்டும். அசையும் தண்டுதான் தடிக்கும்.

மார்ச் 29

இரண்டாம் கயிறு, முதலாவதற்கு அரையடி மேலே. கால் மணி நேர வேலை.

ஏப்ரல் 7

பக்கக் கிளைகளைக் கிள்ளும் நாள். வரிசையில் பாதி நெட்டை வகை, பாதி குட்டை வகை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. நெட்டை வகை நுனியில் வளர்ந்துகொண்டே போகும். அதில் முதல் பூங்கொத்துக்குக் கீழே இலைக்கக்கத்தில் கிளம்பிய தளிர்களை எல்லாம் விரல் நீளம் ஆகும் முன்பே ஒடித்துவிட்டேன். குட்டை வகையில் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தோடு முடிந்துவிடும். கிளையைக் கிள்ளினால் காயைக் கிள்ளியதாகவே ஆகும். அவற்றில் தரையைத் தொடும் அடியிலைகளை மட்டும் எடுத்தேன்.

இந்த அடியிலை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைத்துளியோ பூவாளி நீரோ மண்ணில் விழுந்து தெறிக்கும்போது, மண்ணிலும் பழைய செடிக் கழிவிலும் கிடக்கும் பூஞ்சை வித்துகள் இலைக்கு ஏறுகின்றன. வளையம் வளையமாகக் கரும்புள்ளி விழும் இலைக்கருகல் கீழிருந்தே தொடங்குவது இதனால்தான். கயிறு செடியைத் தூக்கி நிறுத்துகிறது, கீழே ஒரு சாண் வெறுந்தண்டும் இருந்தால் காற்று ஊடுருவி நனைந்த இலை விரைவில் உலர்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதைவிட இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கையெல்லாம் பச்சைக் கறை. சோப்புப் போட்டும் முழுதாகப் போகவில்லை. அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை பாத்திக்குப் போய் வந்தேன்.

ஏப்ரல் 16

இரவு காற்றும் மழையும். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு தண்டும் ஒடியவில்லை! நுனிகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, வெயில் ஏறியதும் நிமிர்ந்துகொண்டன.

நனைந்த சணல் விண்ணென்று முறுக்கேறி நின்றது. அது நனைந்தால் குறுகும், காய்ந்தால் தளரும். ஆகவே இறுக்கத்தைச் சரிபார்க்க ஈர நாள் ஏற்றதல்ல. மாலையில் உலர்ந்த பிறகு கம்பு கம்பாக விரலால் தட்டிப் பார்த்து, தளர்ந்த இரண்டு இடங்களில் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினேன். நான்காம் கயிறும் இன்றே ஏறிவிட்டது. செடி வேண்டிக் கேட்கும் முன்பே கயிறு அங்கே இருக்க வேண்டும். சாய்ந்த கிளையைத் தூக்கி உள்ளே நுழைக்கப்போனால், பூங்கொத்துதான் முதலில் ஒடியும்.

மே 5

முதல் காய்கள் நிறம் திரும்பியிருக்கின்றன. கயிற்றுக்கும் தண்டுக்கும் இடையே இரண்டு காய்கள் சிக்கி வளர்வதைக் கண்டு, கயிற்றைச் சற்றே விலக்கி வெளியே எடுத்துவிட்டேன். அப்படியே விட்டால் பெருக்கும்போது தோலில் தழும்பு விழும். காய்க்கு நிழல் தரும் இலைகளில் கை வைக்கவில்லை. நேர்வெயில் பட்டால் தோல் வெளுத்து வெந்துவிடும்.

காம்புக்கு எதிரே, காயின் அடிநுனியில் இளஞ்சிவப்பு ஓடியவற்றைப் பறித்து உள்ளே வைத்தேன், அவை அங்கேயே பழுக்கும். கொத்துகளில் பாரமும் குறையும். கிழக்கு முனைக் கம்பு விரலளவு உள்ளே சாய்ந்திருக்கிறது. நாளை முளைக்கட்டை இறுக்கிவிட்டு, ஐந்தாம் கயிறு.