வவுனியாவில் தங்கி வன்னியை ஆறுதலாகப் பார்க்க

யாழ்ப்பாணம் போகிற பலருக்கு வவுனியா என்றால் பஸ் மாறுகிற இடம், அல்லது ரயில் யன்னலுக்குள்ளால் வடை வாங்குகிற ஸ்டேஷன். அங்கே இறங்காமல் போவது பெரிய நட்டம். ஏ9 வீதியோடு மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் வந்து முட்டுகிற ஊர் அது. வன்னியில் விளைகிற நெல்லும் உழுந்தும், காட்டுத் தேனும், கடற்கரைக் கருவாடும் கைமாறுகிற கடைத்தெரு அங்கேதான் இருக்கிறது. இரண்டு இரவு தங்கினால் ஊரை நடந்தே பார்க்கலாம். மூன்றாவது இரவும் கிடைத்தால் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ காலையில் போய்ப் பொழுதுபட முன் திரும்பலாம்.

எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என்ன வாங்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. குறுக்கு வீதிகளில் வெள்ளம் பாய்ந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். தை கடைசியில் இருந்து பங்குனி நடுப்பகுதி வரை திறமான காலம்: குளங்கள் நிறைந்திருக்கும், காலபோக (பெரும்போக) நெல் அறுவடை நடக்கும், புது உழுந்து கடைக்கு வந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. சித்திரைக்குப் பிறகு வெக்கை. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் புழுதி கண்ணுக்குள் போகும். ஆனால் ஆனி, ஆடியில்தான் பாலைப்பழம் கிடைக்கும், அதற்காகவே அந்த வெக்கையைத் தாங்கலாம். வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல், ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. இந்த நாட்களில் வன்னி முழுக்கச் சனம், அறை கிடைப்பது கஷ்டம். போயா (பௌர்ணமி) நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் பல சாப்பாட்டுக் கடைகளில் மரக்கறி மட்டும்தான்.

அறை எடுக்கும்போது நுளம்பு வலை இருக்கிறதா, குடிக்க வடிகட்டிய தண்ணி தருவார்களா என்று இரண்டையும் கேளுங்கள். வன்னிக் கிணற்றுத் தண்ணி கல்சியம் கூடியது. சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் வெள்ளையாகப் படியும், தேத்தண்ணியின் நிறமும் ருசியும் மாறிப்போகும். பிள்ளைகளுக்கு ஐந்து லீற்றர் கான் தண்ணி வாங்கி அறையில் வைத்துவிடுவது நல்லது.

காலையில் ஆறு மணிக்கே மரக்கறிச் சந்தைப் பக்கம் போங்கள். பசார் வீதியில் சில்லறைக் கடைகள் மெதுவாகத்தான் திறக்கும், ஒன்பது மணிக்குப் பிறகு போனால் போதும். இடையில் காலைச் சாப்பாட்டுக்கு அம்மாச்சி உணவகம். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துகிற கடைகள் இவை. வவுனியாவிலும் இருக்கிறது, கிளிநொச்சியிலும் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் சுட்டுத் தருகிற தோசை, உழுந்து வடை, குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி எல்லாம் குறைந்த விலையில் கிடைக்கும். கஞ்சி வேளைக்கே முடிந்துவிடும். பிந்திப் போகிறவருக்கு வடையும் தேத்தண்ணியும்தான்.

வாங்க வேண்டிய பொருட்களில் முதலிடம் உழுந்துக்குத்தான். வவுனியா, செட்டிகுளப் பக்கத்து மண்ணில் பெரும்போக மழையை நம்பி விதைக்கிற பயிர் அது. மாசி, பங்குனியில் சாக்கு அவிழ்த்து விற்கும்போது ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல ஓட்டை தெரிந்தால் வண்டு இறங்கிவிட்டது, அந்தச் சாக்கை விடுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசிந்தால் காயவில்லை, வீட்டில் இரண்டு மாதம் நிற்காது. சாக்கு உழுந்தில் சிறு கல் கட்டாயம் இருக்கும், சுளகில் புடைக்காமல் ஊறப்போட வேண்டாம். வடைக்கும் தோசைக்கும் தோலோடு வாங்கி ஊறவைத்துக் கழுவினால் ருசி வேறு. கழுவப் பஞ்சிப்படுகிறவர்கள் உடைத்த உழுந்தை வாங்கலாம், ஆனால் அது கெதியாகப் பழுதாகும்.

அரிசியில் மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், 'சிவப்பரிசி' என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைத் தருவார். அறுவடை முடிந்த உடனே வருகிற புது அரிசி குழையும். பொங்கலுக்கும் கஞ்சிக்கும் அது நல்லது; சோறாக்கினால் தண்ணியைக் குறைக்க வேண்டும். சோறு உதிரியாக வேண்டுமென்றால் பழைய அரிசி கேளுங்கள். விரலை நனைத்து அரிசியைத் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது. சிவப்பு ஒட்டினால் சாயம் போட்டிருக்கலாம், வாங்க வேண்டாம்.

தேன் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணியில் விட்டால் கரையாமல் அடியில் போகும், கடதாசியில் ஊறாது, எறும்பு வராது என்று வீதியில் செய்து காட்டுகிற சோதனைகள் ஒன்றையும் நம்ப வேண்டாம். தடிப்பாகக் காய்ச்சிய சீனிப்பாகும் தண்ணிக்கு அடியில்தான் போகும். நல்ல காட்டுத் தேன் பாகைவிட இளக்கமாகவே இருக்கும், ஏனென்றால் அதில் ஈரம் கூட. அந்த ஈரத்தால்தான் அது புளித்து வாயு கிளப்புகிறது, போத்தல் மூடியைத் தள்ளுகிறது. நிரந்தரமாகக் கடை வைத்திருக்கிற, அடுத்த முறை போனாலும் அதே இடத்தில் இருப்பார் என்று தெரிந்த ஒருவரிடம் வாங்குங்கள். போத்தல் உள்ளே முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், கழுவின ஈரம் மிச்சமிருந்தால் புளிப்பு இன்னும் கெதியாக வரும். கழுத்தில் இரண்டு விரற்கிடை வெறுமையாக விடச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேனைத் தொட்டும் வைக்கக்கூடாது.

காட்டு இறைச்சி என்று மரை வத்தலோ மான் வத்தலோ யாராவது இரகசியமாக நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவை சட்டம் பாதுகாக்கிற விலங்குகள், வாங்குகிறவரும் மாட்டுவார்.

மத்தியானத்துக்குக் குளத்து மீன் சாப்பிடுங்கள். விரால் கறி இருக்கிறதா என்று பதினொரு மணிக்கே கடையில் கேட்டு வையுங்கள், பன்னிரண்டரைக்குப் பிறகு மிச்சம் இருக்காது. நல்ல கடையில் விராலை உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவியிருப்பார்கள், சேற்று மணம் இருக்காது. மணத்தால் கறியை ஒதுக்கி வைத்தீர்கள் என்றால் பிழை மீனில் இல்லை, கழுவினவரில். சோற்றுக்குப் பிறகு எருமைத் தயிரும் பனங்கட்டியும். சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள்: தயிர் அசையாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் தண்ணி விட்டிருந்தால் பரவாயில்லை.

பின்னேரம் ஊர் பார்க்கலாம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் சிலை, தொல்பொருள் காட்சிச்சாலையில் கிளிநொச்சிப் பக்கம் கிடைத்த சுடுமண் உருவங்களும் சுண்ணாம்புக்கல் புத்தர் சிலைகளும், கந்தசாமி கோவில், கோவில்குளம் சிவன் கோவில், வெயில் தாழ்ந்த பிறகு வவுனியாக் குளக்கட்டு. ஓட்டோவில் ஏற முன் விலை பேசிவிடுங்கள்.

அடுத்த நாள் ரயிலிலோ பஸ்ஸிலோ வடக்கே போனால் கிளிநொச்சி ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஓமந்தையில் இருந்து கிளிநொச்சி வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது 2013 செப்டெம்பரில். ஆனால் இந்தப் பாதையில் முறிகண்டியைத் தவறவிடக்கூடாது, அதற்கு பஸ்தான் வசதி. ஏ9இல் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம், அந்த இடத்துக் கடைகளில் கச்சான் (நிலக்கடலை) வாங்குவதும் அதே அளவு வழக்கம். தாச்சியில் மணலைச் சூடாக்கி, கோதோடு கச்சானைக் கொட்டி, கை ஓயாமல் கிளறி, அரிதட்டில் மணலை அரித்து எடுப்பார்கள். மணல் அளவுக்கு மிஞ்சிக் கொதித்தால் கோது கருகும், பருப்பு பச்சையாக நிற்கும். ஒன்றை உடைத்துத் தேய்த்துப் பாருங்கள், தோல் தானாகக் கழர வேண்டும். சூட்டோடு கடித்து 'மொறுமொறு' இல்லை என்று குறைசொல்லக் கூடாது, ஆறின பிறகுதான் அது வரும். சூடாகவே பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்து நமுத்துப்போகும். கடதாசிப் பையில் வாங்கி, ஆறவிட்டு, பிறகு மூடியுள்ள பேணியில் போடுங்கள். கறுத்ததோ கைச்சலோ வந்தால் துப்பிவிடுங்கள், அது பூஞ்சணம் பிடித்தது.

பாலைப்பழக் காலமென்றால் ஏ9 ஓரத்தில் பேணிக் கணக்கில் விற்பார்கள். சாப்பிட முன் உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசுங்கள், பால் ஒட்டினால் தண்ணிக்குப் போகாது. மஞ்சளும் மினுக்கமுமாக உள்ளதே பழுத்தது. ஒரே நாளில் புளித்துவிடும், வீட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம்.

மழைக்குப் பிந்திய நாட்களில் கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பின்னேரம் கட்டாயம். வான்கதவு திறந்திருந்தால் தடுப்புக்கு வெளியே நின்று மட்டும் பாருங்கள், கீழே இறங்கிக் குளிக்க வேண்டாம்.

முல்லைத்தீவுக்கு மாங்குளத்தில் திரும்புகிற ஏ34 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரர் கோவில். அதற்குக் கிட்ட கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயரிடம் தோற்ற இடத்தின் நினைவு. முல்லைத்தீவுக் கோட்டையை அவன் பிடித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 25இல்தான். முல்லைத்தீவுக்குக் கிட்ட உள்ள நந்திக்கடலும் வட்டுவாகலும் 2009இல் போரின் கடைசி நாட்களில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த இடங்கள். அங்கே சிரித்துக்கொண்டு படம் எடுப்பதைத் தவிருங்கள், அவர்களை நினைவுகூருகிற மே 18ஐ ஒட்டிப் போனால் சுற்றுலாவாகப் போகாதீர்கள். கடற்கரையில் ஆழம் சட்டென்று கூடும், கால் நனைப்பதோடு நில்லுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்கக் கூடாது, மிதிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. காட்டோர வீதிகளில் இருட்டினால் யானை நிற்கும், ஆகவே திரும்புகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனேயே கேட்டு வையுங்கள்.

கருவாடு வாங்குவதென்றால் முல்லைத்தீவில் வாங்குங்கள். வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்துங்கள். மெத்தென்று அமிழ்ந்தால் காயவில்லை. இளஞ்சிவப்பாகப் படலம் படிந்திருந்தால் உப்பில் வளர்கிற கிருமி பிடித்தது, எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. கடதாசியில் சுற்றி, இரட்டைப் பொலித்தீனில் கட்டி, அரிசி உழுந்துப் பையில் இருந்து தள்ளி வையுங்கள். திரும்புகிற ரயிலில் அரிசியும் உழுந்தும் இருக்கைக்குக் கீழே, தேன் போத்தல் நிமிர்ந்தபடி கைப்பையில், தயிர்ச்சட்டி மடியில்.