பின்வலது சில்லுக்கு 790 கிலோ

பஞ்சர் கடை பாஸ் எங்கள் வானின் டயரை ரிம்மிலிருந்து கழற்றி நிமிர்த்தி, தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு தூள் கொட்டியது. ஒன்றிரண்டாக இடித்த மிளகு மாதிரி, ஒரு கைப்பிடி வரும்.

"மண்ணா?" என்று கேட்டேன்.

"மண் இல்லை நோனா. டயர்தான்." சிங்களத்தில் சொல்லிவிட்டு, தூளை விரலால் தேய்த்துக் காட்டினார். விரலெல்லாம் மை.

மாத்தறையில் ஒரு பஞ்சர் கடை. கதிர்காமம் போகிற வழி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த டயரில் ஒரு கீறல்கூட இல்லை, தேய்மானமும் பாதியைத் தாண்டவில்லை. உள்பக்க ஓரம் மட்டும் சுற்றிவர உரிந்து நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. முன்னதாக அதிவேகப் பாதையில் வெலிப்பன்னையில் தேநீருக்கு நிறுத்தியபோது, பின்வலது சில்லில் கை வைத்த என் கணவர் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார். மற்ற மூன்றும் இளஞ்சூடுதான். பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து, இடது ஓரமாகவே மெதுவாக ஓட்டிவந்து மாத்தறையில் இறங்கினோம். பிரேக்கில் ஒன்றும் இல்லை. பஞ்சரும் இல்லை. காற்றுதான் காணாமல் போயிருந்தது, அதாவது இருந்த காற்று இருந்த பாரத்துக்குப் போதவில்லை.

வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது டொயோட்டா ஹையேஸ், இங்கே கேடிஎச் என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு வேறு வண்டி வாங்குகிற யோசனையை விட்டுவிட்டு, இருக்கிற வானையே வீடாக்கலாம் என்று இவர் தொடங்கினார். பின்சீற்றுகள் போய் பிளைவுட் கட்டில் வந்தது, அதற்குக் கீழே அலுமாரி. வலப்பக்கம் சின்ன சிங்க், குளிர்பெட்டி, இரண்டு பற்றரி, காஸ் சிலிண்டர். பின்கதவோடு ஒட்டி 80 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் அதை நிறுத்தி வைத்தால் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். மாமி அதற்குள் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு "நல்லா வடிவா இருக்கு, ஒரு அம்மி வைக்கேலாதா?" என்று கேட்டார். நல்லவேளை, வைக்கவில்லை.

நான் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 12 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளத்துக்கு 5.3 கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் சொந்த வான் எவ்வளவு நிறை என்று மட்டும் எனக்குத் தெரியாது. மாத்தறையில் அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதுதான் வெட்கமாக இருந்தது.

பயணத்துக்கு முதல் நாள் எங்கள் பக்கத்து டயர் கடையில் எவ்வளவு அடிப்பது என்று கேட்டதற்கு, பொடியன் வானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "40 காணும் மிஸ்" என்றான். நாலுக்கும் 40 பிஎஸ்ஐ (டயர்க் காற்றின் அழுத்தத்தை அளக்கிற அலகு). வாடகை வான்களுக்கு அவன் அடிக்கிற அளவு அதுவாக இருக்கும். கதிர்காமத்திலிருந்து திரும்பி வந்ததும் இவருடைய சிநேகிதர் ஒருவர் வேறு வைத்தியம் சொன்னார்: "மச்சான், டயர்லேயே 65 எண்டு போட்டிருக்கு. அதை அடி, பிரச்சினை முடிஞ்சுது." அதையும் செய்து பார்த்தோம். ஆமர் வீதியில் ஒவ்வொரு குழிக்கும் அலுமாரிக் கதவு திறந்து பீங்கான் பேசியது. மழையில் பிரேக் போட்டால் முன்பக்கம் வழுக்குகிறது என்று இவர் சொன்னார். சரி, 40ம் இல்லை, 65ம் இல்லை. அப்புறம்தான் டயரில் எழுதியிருப்பதை உட்கார்ந்து வாசித்தேன்.

எங்கள் டயர் 195 ஆர் 15 சி, 8 பிளை. பக்கத்தில் 106/104 என்று இருக்கும். அது பாரக் குறியீடு. 106 என்றால் ஒரு டயருக்கு அதிகபட்சம் 950 கிலோ. 104 என்றால் 900, அது பின்னால் இரட்டைச் சில்லு உள்ள வண்டிகளுக்கு. நாம் முதலாவதைப் பார்த்தால் போதும். 65 என்று போட்டிருப்பது, அந்த 950 கிலோவையும் முழுதாகச் சுமக்க வேண்டுமானால் டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். ரொட்டிக்கு எவ்வளவு தேங்காய் என்றால் மா எவ்வளவு என்று கேட்க வேண்டும் அல்லவா, அதே மாதிரி எவ்வளவு காற்று என்றால் எவ்வளவு பாரம் என்று கேட்க வேண்டும். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வானைச் செய்தவர்கள் கணக்கிட்ட பாரத்துக்கானது. இவர் ஏற்றிய பிளைவுட் அதற்குத் தெரியாது.

ஆகவே நிறுக்க வேண்டும். எங்கள் கடைக்குத் தெரிந்த பழைய இரும்பு யார்ட் ஒன்று பேலியகொடைப் பக்கம் இருக்கிறது. லொறி நிறுக்கிற தராசு, நிலத்தோடு மட்டமாக, 10 கிலோ 10 கிலோவாகக் காட்டும். ஒரு சனிக்கிழமை காலை பயணம் போகிற கோலத்திலேயே போனோம். தாங்கி நிறையத் தண்ணீர், டீசல் முழுசாக, காஸ், அரிசி, மாமி கட்டிவைத்த பத்துத் தேங்காய். 12.5 கிலோ சிலிண்டர் என்றால் அது உள்ளே இருக்கும் காஸின் நிறை மட்டும். இரும்புக் கூட்டோடு தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தராசில் இருந்த நானா, "ஆக்கள் இறங்குங்க தங்கச்சி" என்றார். அவர் வழமை அது, பழைய இரும்புக்கு ஆளின் நிறையைச் சேர்க்கக்கூடாது. நான் வேண்டாம், ஆட்களோடுதான் வேண்டும் என்றேன். மாமி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்னையும் சேர்த்தா நிறுக்கிறாய்?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் வானை முழுதாக ஏற்றினோம்: 2,720. பிறகு முன்சில்லு இரண்டு மட்டும் தராசில்: 1,260. முன்சில்லு இறங்கி பின்சில்லு இரண்டு மட்டும்: 1,460. கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. இத்தோடு நானா சீட்டைக் கிழிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. வானைத் தராசின் ஓரமாக எடுக்கச் சொல்லி, வலப்பக்கச் சில்லு மட்டும் மேலே நிற்கிற மாதிரி ஒவ்வொரு அச்சையும் திரும்ப நிறுத்தேன். தராசும் பக்கத்து நிலமும் ஒரே மட்டமாக இருந்தால்தான் இது சரிவரும். முன்வலது 660, அப்படியானால் முன்னிடது 600. பின்வலது 790. பின்னிடது 670.

790ஐப் பார்த்ததும் பேசாமல் நின்றேன். பின் அச்சின் 1,460ஐ இரண்டால் வகுத்து 730 என்று எழுதிக்கொண்டு போயிருந்தால், அந்த ஒரு சில்லில் இருந்த 60 கிலோ யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பற்றரி, குளிர்பெட்டி, சிலிண்டர் எல்லாம் வலப்பக்கம். ஓட்டுகிறவரும் வலப்பக்கம். (இவர் நிறையையும் இங்கே எழுதவில்லை.) அமெரிக்காவில் பெரிய மோட்டர்ஹோம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக நிறுத்து, அச்சில் கூடின சில்லு எதுவோ அதற்குத் தேவையான காற்றையே அந்த அச்சின் எல்லாச் சில்லுக்கும் அடிக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

நானா ஐந்து தடவை நிறுத்துவிட்டு ஒரு தடவைக்குத்தான் காசு எடுத்தார்.

இனி கணக்கு. டயர் கம்பனிகள் அளவுக்கொரு அட்டவணை வெளியிடுகின்றன. இன்ன அழுத்தத்துக்கு இன்ன பாரம் என்று அதில் வரிசையாக இருக்கும். உங்கள் டயருக்கு அது கிடைத்தால் அதையே பாருங்கள். ஐரோப்பிய வான் டயர்களுக்கு அந்த அட்டவணைக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரம் சின்னது: உங்கள் பாரத்தை டயரின் அதிகபட்ச பாரத்தால் வகுத்து, வருவதை 1.25 என்ற அடுக்குக்கு ஏற்றி, அதிகபட்ச அழுத்தத்தால் பெருக்க வேண்டும். கடையின் எக்செலில் போட்டேன். 790க்கு 52 வந்தது. முன்னால் 660க்கு 41. இது குறைந்தபட்சம். வழியில் தண்ணீர், விறகு, இளநீர் என்று ஏறும், காற்று அளக்கிற கேஜ் பொய் சொல்லும், ஆகவே மூன்று நாலு கூட்டி முன்னால் 45, பின்னால் 55 என்று வைத்தோம்.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, 40 அடித்தால் அந்த டயர் எவ்வளவு தாங்கும் என்றும் பார்த்தேன். 644 கிலோ. கொழும்பிலிருந்து வெலிப்பன்னை வரை மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும்போது அதன் மேல் நாங்கள் 146 கிலோ கூட ஏற்றியிருந்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் டயரின் பக்கச் சுவர் மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பில் சூடு ஏறுகிறது, உள்ரப்பர் அரைபட்டுத் தூளாகிறது. மிளகுத்தூளின் கதை இவ்வளவுதான்.

ஐரோப்பாவில் கேம்பர் வான்களுக்கென்று சி.பி. என்று முத்திரை போட்ட டயரே இருக்கிறது. எப்போதும் பாரத்தோடு நிற்கிற வண்டி என்பதால் அதற்குப் பின்னச்சில் 5.5 பார், அதாவது கிட்டத்தட்ட 80 பிஎஸ்ஐ வரை சொல்கிறார்கள். அதை வாசித்துவிட்டு நம் சாதாரண டயருக்கு 80 அடித்துவிடாதீர்கள். எங்களுடையதற்கு 65தான் எல்லை, சாதாரண ரப்பர் வால்வுக்கும் அதேதான் எல்லை.

தண்ணீர்த் தாங்கியைப் பற்றி ஒன்று. 80 லீற்றர் என்றால் 80 கிலோ, பின்சில்லு இரண்டுக்கும் 40 வீதம் என்று நினைத்திருந்தேன். தாங்கி பின் அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் பின்னால் நிற்கிறது. வானின் இரண்டு அச்சுக்கும் இடையே 2,570 மில்லிமீற்றர். தராசுக்கோல் மாதிரி வால் பக்கம் அழுத்தினால் தலைப்பக்கம் தூக்கும். கணக்குப் போட்டால் 80 கிலோ தண்ணீர் பின் அச்சில் 99 கிலோவாக உட்கார்ந்து, முன் அச்சிலிருந்து 19 கிலோவைத் தூக்கிவிடுகிறது. இவரிடம் சொன்னபோது நம்பவில்லை. "80 எப்படி 99 ஆகும், உங்கட கடைத் தராசா?" என்றார். தும்புத்தடியின் நுனியில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.

பற்றரி இரண்டையும் இடப்பக்கம் மாற்றினோம். திரும்ப நிறுத்தபோது பின்வலது 740, பின்னிடது 720. குறைந்தபட்சம் 48க்கு இறங்கியது. இருந்தாலும் பின்னால் 55ஐக் குறைக்கவில்லை. தாங்கியைக் காலியாக ஓட்டுகிற நாட்களில் மட்டும் 50.

எல்லாம் காலையில், வான் ஓடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். பெற்றோல் ஷெட் வரை ஓட்டிக்கொண்டு போய் அங்கே அளந்தால் அது வேறு எண். 55ல் புறப்பட்டு வெலிப்பன்னையில் இறங்கி அளந்தால் 62 காட்டும். பதறிப்போய்த் திறந்துவிடக் கூடாது, அந்தச் சூட்டையும் சேர்த்துத்தான் 55 என்று வைத்தது. கேஜ் ஒன்று பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். அதற்கு முன் மூன்று ஷெட்டில் அளந்து மூன்று எண் கிடைத்திருந்தது.

நுவரெலியாவில் ஒரு வேடிக்கை. விடிய 12 பாகை குளிர். கொழும்பில் 27 பாகையில் 55 அடித்தது, குளிருக்கு 51, 52 ஆகியிருக்கும் என்று கேஜோடு இறங்கினேன். ஏறக்குறைய 55 அப்படியே நின்றது. கேஜ் கெட்டுவிட்டது என்று இவரைத் திட்டினேன், அவர்தான் அதைக் கீழே போட்டவர். பிறகுதான் விளங்கியது. குளிரால் மூன்றரை குறைந்தது உண்மை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்று பிஎஸ்ஐ அளவு குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

சாரதி பக்கத்து வெயில் மறைப்பில் இப்போது ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: முன் 45, பின் 55, தண்ணீர் இல்லாவிட்டால் பின் 50. ஸ்பெயார் டயர் பின்னால் வானுக்குக் கீழே தொங்குகிறது. எந்தச் சில்லுக்கும் மாட்டவேண்டி வரலாம் என்பதால் அதைக் கூடின அளவில், 55ல் வைத்திருக்க வேண்டும் என்று அந்தத் துண்டிலேயே எழுதியவள் நான்தான். போன ஞாயிறுதான் முதல்முறையாகக் கீழே படுத்து அதை அளந்தேன். 18.