கஞ்சா வெண்ணெய்: இரண்டு சூடும் ஒரு கணக்கும்

காய்ந்த கஞ்சாப் பூவை அப்படியே வெண்ணெயில் போட்டு இளஞ்சூட்டில் வைத்தால் வீரியம் முழுதாக இறங்காது. பூவில் பெரும்பாலும் இருப்பது டிஎச்சிஏ என்ற அமிலம். அதற்குப் போதை கிடையாது. நல்ல சூட்டில் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்தால்தான் போதை தரும் டிஎச்சி ஆகும். அதனால் முதலில் ஓவன், பிறகுதான் வெண்ணெய். (கனடாவில் வயது வந்தவர்கள் வீட்டில் செய்துகொள்ளலாம். இந்தியாவில் பூவை வைத்திருப்பதே குற்றம்.)

3.5 கிராம் பூவைக் கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். மாவாக அரைத்தால் துணியில் நிற்காது. தட்டில் பரப்பி, அலுமினியத் தாளால் மூடி, 115 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். பச்சை மங்கி வெளிர்பழுப்பு தட்டும், விரலில் நொறுங்கும். கரும்பழுப்பானால் சூடு மிஞ்சிவிட்டது. டிஎச்சி சிதைந்து, போதை குறைந்த சிபிஎன் என்ற பொருளாகத் தொடங்கியிருக்கும். ஓவன் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

அடுத்து 227 கிராம் உப்பில்லாத வெண்ணெய், ஒரு கப் தண்ணீர், பூ. 80 முதல் 90 டிகிரியில் இரண்டரை மணி நேரம், கொதிக்க விடாமல். தண்ணீர்தான் காவல்: அது இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது, பால் கசடு அடிப்பிடிக்காது. வற்றினால் இன்னும் ஊற்றுங்கள். மஸ்லின் துணியில் வடிகட்டும்போது பிழியாதீர்கள், பச்சைக் கசப்பு இறங்கிவிடும். இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் மேலே உறையும். அடித்தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரத்தை ஒற்றியெடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது கணக்கில்தான். பூவில் 18 சதவீதம் டிஎச்சிஏ என்றால் 630 மில்லிகிராம். வாயு போனபின் எடை குறையும், அதனால் 0.877-ஆல் பெருக்க, சுமார் 550. முழுசும் வெண்ணெயில் இறங்காது, ஆனாலும் இறங்கியதாகவே வையுங்கள். வெண்ணெயிலேயே இருந்த தண்ணீரும் பால் கசடும் போக மிஞ்சுவது ஏறக்குறைய 180 கிராம். கிராமுக்கு 3 மில்லிகிராம். 5 கிராம் தேக்கரண்டியில் 15! கனடாவில் கடையில் விற்கும் ஒரு பொட்டலத் தின்பண்டத்துக்கே உச்சவரம்பு 10 மில்லிகிராம்தான். புதியவருக்கு 2.5 போதும், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவு. கரண்டி வேண்டாம், தராசு வேண்டும்.

வயிற்றுக்குள் போனது தெரிய இரண்டு மணி நேரம்கூட ஆகும், உச்சம் தொட நாலு மணி நேரம். "ஒன்றும் செய்யலையே" என்று இன்னொரு துண்டு தின்பதில்தான் விபரீதம்.

தாளிக்கவோ தோசைக்கல்லில் தேய்க்கவோ இது வேண்டாம், கல்லின் சூட்டில் வீரியம் குறைந்துவிடும். டப்பாவில் தேதியும் கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதும் எழுதிப் பூட்டி வையுங்கள். குழந்தை தின்றுவிட்டால் காத்திருக்காமல் 911 (கனடாவின் அவசர எண்).